ஒரே காணியில் இரண்டு கணக்கு

கண்டி மலைச்சரிவில் வாழும் ஒரு விவசாயக் குடும்பத்தின் காணியை மேட்டிலிருந்து பள்ளம் வரை பார்த்தால், சேதன விவசாயமும் இரசாயன விவசாயமும் ஒரே வேலிக்குள் அடங்கியிருப்பது தெரியவரும். வீட்டைச் சுற்றிய மேட்டு நிலத்தில் பலா, கமுகு, தென்னை, மிளகு, கராம்பு, சாதிக்காய், கோப்பி ஆகியவை பல அடுக்குகளாக நின்று, கடைப் பசளையும் மருந்தும் ஏறக்குறைய இல்லாமலே காய்க்கின்றன. அதே குடும்பம் பள்ளத்து வயலில் யூரியா இல்லாமல் நெல் செய்ய எளிதில் உடன்படுவதில்லை. சந்தைக்கென்று போஞ்சியோ தக்காளியோ நட்ட துண்டில் மருந்துத் தெளிகருவி ஓய்வதில்லை. வீட்டுச் சமையலுக்கான கத்தரியும் கீரையும் மட்டும் சாணத்தையும் சாம்பலையும் நம்பி அடுப்படிக்குப் பின்னால் வளர்கின்றன. இத்தகைய குடும்பத்திடம் சென்று சேதனத்தின் பக்கமா, இரசாயனத்தின் பக்கமா என்று கேட்பவருக்குக் கிடைக்கும் விடை, அவர் காணியின் எந்த மூலையில் நின்று கேட்கிறார் என்பதைப் பொறுத்தே அமையும்.

சேதன விவசாயம் என்பது செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட பசளை, பீடைநாசினி, களைநாசினி ஆகியவற்றைத் தவிர்த்து, கூட்டெரு, பசுந்தாள், கால்நடை எரு, பயிர்ச் சுழற்சி ஆகியவற்றால் மண்ணின் வளத்தைக் காக்கும் முறையாகும். தமிழ்நாட்டில் இதனை இயற்கை விவசாயம் என்பர். வழமையான விவசாயம் என்று இன்று குறிக்கப்படுவதோ, வயதில் அவ்வளவு பழையதன்று. உயர்விளைச்சல் தரும் எச்-4 நெல்லினம் 1958இல் வெளியிடப்பட்டதன் பின்னரே, பசளையை உண்டு அதற்கேற்ப விளையும் நெல் இலங்கையின் வயல்களில் நிலைகொண்டது. அதற்கு முந்திய உயரமான பாரம்பரிய இனங்கள் பலவற்றுக்கு நைதரசனை அதிகம் கொடுத்தால் தாள் நீண்டு, கதிர் முற்றும் முன்பே சாய்ந்துவிடும். பின்னர் வந்த புதிய இனங்களோ குட்டையாக நின்று, கொடுத்த நைதரசனை மணியாக மாற்றும்படி உருவாக்கப்பட்டவை. ஆகையால் விதையை மாற்றாமல் பசளையை மட்டும் நிறுத்துவது, இரு பாதியாகப் பொருத்தப்பட்ட ஒரு முறையின் ஒரு பாதியைக் கழற்றிவிடுவதற்குச் சமமாகும். இதை ஆய்வாளர் விளக்கும் முன்பே விவசாயி அறிந்திருந்தார்.

அந்தப் பாதி 2021இல் கழற்றப்பட்டது. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் 2019ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனம், நாட்டின் விவசாயத்தைப் பத்து ஆண்டுகளில் சேதன முறைக்குக் கொண்டுவருவதாகவும், அதுவரை பசளையை இலவசமாக வழங்குவதாகவும் உறுதியளித்திருந்தது. நெல் விவசாயிகளுக்கு இலவசப் பசளை 2020இல் வழங்கப்படவும் செய்தது. அதற்கு மறு ஆண்டு ஏப்ரல் 27ஆம் திகதி இரசாயனப் பசளை, பீடைநாசினி இறக்குமதியைத் தடை செய்ய அமைச்சரவை தீர்மானித்தது. மே 6ஆம் திகதி வர்த்தமானி வெளியாயிற்று. அந்த வர்த்தமானி, விவசாயம் பற்றிய எந்தச் சட்டத்தின் கீழும் அல்லாமல், 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்டது என்பது கவனத்துக்குரியது. பசளை இறக்குமதிக்கு 2020இல் 25 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் செலவாகியிருந்த நிலையில், அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்த திறைசேரிக்கு மண்ணின் ஆரோக்கியம் மிகப் பொருத்தமான வேளையில் நினைவுக்கு வந்தது.

இந்த முடிவை நடைமுறைப்படுத்திய விவசாய அமைச்சரும் அதை எதிர்த்த அறிஞர்களும் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவர்களாக அமைந்தனர். அமைச்சர் மஹிந்தானந்த அளுத்கமகே அப்போது கண்டி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். நாவலப்பிட்டி அவருடைய அரசியல் தளமாக இருந்தது. விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம், கண்ணொறுவையின் பயிர் ஆராய்ச்சி நிலையங்கள், ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் ஆகிய அனைத்தும் பேராதனையைச் சுற்றிச் சில கிலோமீற்றருக்குள் இருக்கின்றன. அந்த விவசாய பீடத்தின் பேராசிரியர் புத்தி மாரம்பே தடையை வெளிப்படையாக விமர்சித்து, அரசாங்கக் குழுக்களில் வகித்த பொறுப்புகளை இழந்தார். இலங்கை விவசாயப் பொருளியலாளர் சங்கம், சராசரி விளைச்சல் நெல்லில் 25 சதவீதமும் தேயிலையில் 35 சதவீதமும் தென்னையில் 30 சதவீதமும் குறையக்கூடும் என்று ஜனாதிபதிக்கு எழுத்தில் அறிவித்தது. நாட்டின் விவசாய அறிவில் பெரும்பகுதி ஒரு நகரின் ஓரத்தில் குவிந்திருந்தும், அந்த நகரைக் கேட்காமலேயே முடிவு எடுக்கப்பட்டது.

விவசாயிகளைக் கேட்டவர்கள் சிலர் இருந்தனர். வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் 2021 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளிடம் நாடளாவிய ரீதியில் நடத்திய ஆய்வில், 64 சதவீதமானோர் சேதன முறைக்கு மாறும் நோக்கத்தை ஆதரித்தனர். ஆனால் அவ்வாறு ஆதரித்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதமானோர் அதற்கு ஓர் ஆண்டுக்கு மேல் வேண்டும் என்றனர். தம் பயிருக்கு ஏற்ற சேதனப் பசளை பற்றிப் போதிய அறிவு உண்டு என்று சொன்னவர்கள் ஐந்தில் ஒருவரே. சேதனத்துக்கு எதிரான பழைமைவாதி என்று அப்போது அரசாங்க மேடைகளில் சித்திரிக்கப்பட்ட விவசாயி இந்த எண்களில் இல்லை. நோக்கத்தை ஏற்றுக்கொண்டு, காலக்கெடுவை நிராகரித்து, வழிகாட்டலைக் கேட்டு நிற்கும் ஒருவரே இருக்கிறார். பத்து ஆண்டு என்ற முதல் வாக்குறுதியை அதை எழுதியவர்களைக் காட்டிலும் அவரே கருத்தோடு வாசித்திருந்தார் போலும்.

அவருடைய தயக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். யூரியாவின் எடையில் 46 சதவீதம் நைதரசன். ஆகவே 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்று முதல் இரண்டு சதவீதம். ஒன்றரை என்று கொண்டாலும் அதே 23 கிலோவைப் பெற 1,500 கிலோவுக்கு மேல் கூட்டெரு வேண்டும், அதாவது ஒரு மூட்டைக்கு ஈடாக முப்பது மூட்டை. அதிலும் ஒரு பகுதியே முதல் போகத்தில் பயிருக்குக் கிட்டும். எஞ்சியது மண்ணில் மெல்லச் சிதைந்து பின்வரும் போகங்களில்தான் வெளிப்படும். சமவெளியில் இந்த முப்பது மூட்டையை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வயலோரம் இறக்கலாம். உடுநுவரையிலும் ஹேவாஹெட்டையிலும் படிக்கட்டுகளாகச் செதுக்கப்பட்ட வயல்களுக்கோ ஒற்றையடிப் பாதையே உண்டு. மூட்டைகள் தலையிலும் தோளிலும்தான் ஏற வேண்டும். பிள்ளைகள் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், அறுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும் அதைச் சுமக்க வேண்டும், அல்லது நாட்கூலி கொடுத்துச் சுமப்பிக்க வேண்டும்.

கூட்டெருவுக்கான மூலப்பொருளும் முன்போல் இல்லை. எருமையின் இடத்தைக் கை உழவு இயந்திரம் பிடித்துக்கொண்டதிலிருந்து வயலை உழுத மாடே வயலுக்கு எரு தந்த காலம் முடிந்தது. கண்டி நகரம் நாள்தோறும் கழிக்கும் குப்பையோ மகாவலிக் கரையிலுள்ள கொஹாகொடையில் மலையாகக் குவிந்திருக்கிறது; தரம் பிரிக்கப்படாத நகரக் கழிவிலிருந்து வரும் எருவில் கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் கலந்திருக்கும் என்ற அவநம்பிக்கையோடுதான் விவசாயி அதைப் பார்க்கிறார்.

உள்நாட்டில் இல்லாததை வெளிநாட்டிலிருந்து தருவிக்க முயன்ற அத்தியாயம் நன்கு அறியப்பட்டதே. சீனாவின் சிங்டாவ் சீவின் நிறுவனத்தின் சேதனப் பசளையோடு வந்த ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பலின் மாதிரிகளில் எர்வினியா என்ற பக்ரீரியா இருப்பதாகத் தாவரத் தனிமைப்படுத்தல் சேவை அறிவிக்கவே, சரக்கு இறக்கப்படவில்லை. இறக்கப்படாத அந்தச் சரக்குக்காக மக்கள் வங்கி 2022 ஜனவரியில் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட டொலர் செலுத்தியது. அதற்கு முன்பே, 2021 நவம்பரில், தடை நீக்கப்பட்டிருந்தது. ஆனால் பெரும்போக விதைப்புக்கு அது காலம் கடந்த செய்தி: முந்திய பெரும்போகத்தில் 30 இலட்சம் மெட்ரிக் தொன்னாக இருந்த நெல் உற்பத்தி 2021/22 பெரும்போகத்தில் 20 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, மறு ஆண்டில் சுமார் 25 கோடி கிலோவாகச் சுருங்கியது. 2005 முதல் நெடுங்காலம் சலுகை விலையாக 350 ரூபாவுக்குக் கிடைத்த யூரியா மூட்டை, 2022இல் கறுப்புச் சந்தையில் முப்பதாயிரம் ரூபாவையும் தாண்டியது. எரிபொருள் தட்டுப்பாடும் நாணய வீழ்ச்சியும் அந்த ஆண்டின் துன்பத்தில் பங்குகொண்டவை என்பதால், எல்லாப் பழியையும் பசளைத் தடை மேல் சுமத்துவது நேர்மையாகாது. ஆயினும் விவசாயிகளின் நினைவில் தடையும் அந்தத் துன்பமும் ஒன்றாகவே பதிந்துவிட்டன; அதுவரை தனி விருப்பமாகவோ ஏற்றுமதி வாய்ப்பாகவோ இருந்த சேதன விவசாயத்தின் மேல் கட்டாயத்தின் கறை படிந்தது. சேதன விவசாயத்துக்கு இந்நாட்டில் இழைக்கப்பட்ட மிகப் பெரிய தீங்கு, அதன் பெயரால் ஆட்சி செய்தவர்களிடமிருந்தே வந்தது என்று கொள்வதே பொருத்தம்.

விவசாயியின் மனப்பான்மையை ஆராயும் பல எழுத்துகள் கல்வி, வயது, விழிப்புணர்வு ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. கண்டியைப் பொறுத்தவரை நில உரிமை அவற்றைவிட ஆழமான காரணியாகத் தோன்றுகிறது. சேதனச் சான்றிதழ் கோரும் நிலம் ஒரு மாற்றக் காலத்தைக் கடக்க வேண்டும்: ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டும், தேயிலை, மிளகு போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டும். அந்தக் காலத்தில் விளைச்சல் குறையும், விலையோ இன்னும் உயர்ந்திராது. செலவு இன்று, பலன் பின்னர். பலன் வரும்வரை அதே நிலம் தன் கையில் இருக்கும் என்ற உறுதி உள்ளவரே இதில் இறங்க முடியும். கண்டிய வயல்களில் அந்த உறுதி அரிது. தட்டுமாறு என்று வழங்கும் பழைய முறையில், துண்டாட முடியாத அளவுக்குச் சிறுத்துப்போன வயலை உரித்தாளிகள் முறை வைத்து ஆண்டுக்கு ஒருவராகச் செய்கின்றனர். கட்டிமாறு முறையில் வயல்துண்டுகள் உரித்தாளிகளிடையே சுற்றிவருகின்றன. இவற்றோடு விளைச்சலில் பங்கு கொடுக்கும் அந்தே குத்தகையும், விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் உரிய நிலங்களில் வழிவழியாக வரும் உழவும் உண்டு. இவ்வாண்டு தன் முறைக்கு வந்த வயலில் முப்பது மூட்டை கூட்டெருவைக் கொட்டுபவர், மண்ணில் தங்கும் வளத்தை மறு ஆண்டு முறைக்காரருக்கு நன்கொடையாக விட்டுச்செல்கிறார். யூரியா இடுபவரோ போட்டதை அதே போகத்தில் எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடுகிறார். குறுகிய கால உரிமை குறுகிய காலப் பசளையைத்தான் நாடும் என்பதில் மனப்பான்மைக்கு வேலையே இல்லை.

உரிமை உறுதியாக இருக்கும் மேட்டுத் தோட்டத்தில் நிலைமை தலைகீழாக இருப்பது இந்த வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. கண்டிய வீட்டுத்தோட்டம், அல்லது ஆய்வாளர் சொல்லும் கண்டிய வனத்தோட்டம், உலக வேளாண் காட்டியல் இலக்கியத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஓர் அமைப்பு: உயரத்தில் தென்னையும் பலாவும், நடுவில் கராம்பும் சாதிக்காயும், அவற்றின் தண்டைப் பற்றி ஏறும் மிளகு, நிழலில் கோப்பி, தரையில் கிழங்கும் இஞ்சியும் என்று வெயிலின் ஒவ்வொரு கீற்றையும் ஏதோ ஓர் இலை பிடித்துக்கொள்கிறது. உதிரும் சருகே பசளை. பல பயிர்கள் கலந்து நிற்பதால் ஒரு பீடை முழுத் தோட்டத்தையும் அழிப்பது கடினம். இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் தம்மைச் சேதன விவசாயிகள் என்று அழைத்துக்கொள்வதில்லை. செலவில்லாத வழி என்றே கருதுகின்றனர். ஒரே பயிரை நம்பியதன் விலையையும் இந்த மலைகள் அறியும்: 1869இல் தலைகாட்டிய கோப்பித் துரு நோய் சில பத்தாண்டுகளில் கோப்பித் தோட்டங்களைத் துடைத்தெறிந்தது, அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரையில் நட்டிருந்த 19 ஏக்கர் தேயிலை அந்த வெற்றிடத்தை நிரப்பத் தொடங்கியது.

இந்தத் தோட்டங்களின் மேல்தான் ஏற்றுமதிச் சேதன வணிகம் தன் அடித்தளத்தை அமைத்தது. தேயிலை விஞ்ஞானியாக இருந்த சரத் ரணவீர 1990களில் கண்டிக்கு அருகே தொடங்கிய பயோ ஃபூட்ஸ் நிறுவனமும், அதனோடு இணைந்து உருவான சிறு சேதன விவசாயிகள் சங்கமும், சிறு உடைமையாளர்களின் தேயிலையையும் வாசனைத் திரவியங்களையும் நியாய வணிகச் சான்றிதழோடு வெளிநாட்டுக்கு அனுப்பின. நியாய வணிகம் என்பது, உற்பத்தியாளருக்குக் குறைந்தபட்ச விலையையும் அவர்களின் சமூகத் தேவைகளுக்கான மேலதிகத் தொகையையும் உறுதிசெய்யும் ஏற்பாடாகும். தனித்தனியே சான்றிதழ் பெறும் செலவைச் சிறு விவசாயி தாங்க மாட்டார் என்பதால், சங்கமே தன் உறுப்பினர்களின் காணிகளைக் கண்காணித்துப் பதிவு வைத்திருக்க, வெளிச் சான்றளிப்பவர் அவற்றில் சிலவற்றைத் தெரிந்து பரிசோதிப்பார். இங்கே யாரும் கட்டாயப்படுத்தப்படவில்லை. வாங்குபவர் முன்னதாகவே இருந்தார், விலை தெரிந்திருந்தது, ஏற்கெனவே பசளை குறைவாக இருந்த காணியில் இழப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. குறை இல்லாமலும் இல்லை: அதே காணியின் பலாவும் ஆனைக்கொய்யாவும் கண்டிச் சந்தையில் சாதாரண விலைக்கே போகின்றன.

மரக்கறிச் செய்கையில் இந்தச் சாதகங்களில் ஒன்றுமே கிடையாது. மாரசனை, ஹேவாஹெட்டை ஆகிய பகுதிகளின் செங்குத்துச் சரிவுகளில் போஞ்சி, கறிமிளகாய், தக்காளி, கோவா பயிரிடுபவர் விதைக்கும் மருந்துக்கும் பெரும்பாலும் கடன்படுகிறார். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று அவருக்குச் சொல்பவர், எப்போதாவது வரும் விவசாயப் போதனாசிரியரைவிட, கடன் தரும் மருந்துக் கடைக்காரராகவே இருப்பது இயல்பு. மொத்த வியாபாரி புழு துளைத்த போஞ்சியைக் கழித்துவிடுவார். மருந்தடிக்காத போஞ்சிக்கென்று தனி விலையும் தரமாட்டார். நகரத்து வாங்குபவர் நஞ்சில்லாத மரக்கறி வேண்டும் என்று பேசிக்கொண்டே பளபளக்கும் தக்காளியைத் தெரிந்தெடுக்கிறார். அவரையும் சேர்த்து ஆராயாத எந்த மனப்பான்மை ஆய்வும் பாதி ஆய்வே.

இந்த விவசாயிகள் நச்சுத்தன்மை பற்றி அறியாதவர்கள் என்று எண்ணுவது தவறு. மகாவலியின் கீழ்ப்பக்கத்தில், மினிப்பேக்கு அப்பால் கிராந்துருகோட்டைப் பகுதியில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியிருப்பதை அவர்கள் அறிவர். அந்த நோயோடு தொடர்புபடுத்தப்பட்டே கிளைபோசேட் என்ற களைநாசினி 2015இல் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டு, 2022இல் தடை நீக்கப்பட்டது. ஏழு ஆண்டுகளுக்குள் ஒரே மருந்து நஞ்சாகவும், பாதி நஞ்சாகவும், மீண்டும் மருந்தாகவும் வர்த்தமானியில் மாறிய நாட்டில், அரசாங்கத்தின் அறிவுரையைவிடக் கடைக்காரரின் அறிவுரை நிலையானதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழரைப் பற்றி இந்த விவாதம் பெரும்பாலும் பேசுவதே இல்லை. தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை, ஹந்தானை ஆகிய இடங்களின் தொழிலாளிக்குப் பசளை இடுவதா இல்லையா என்ற முடிவில் பங்கில்லை. ஆனால் அதன் விளைவு அவருடைய கூடையில்தான் நிறுக்கப்படுகிறது. ஒரு நாளைக்கு முழுப் பேர், அதாவது முழு நாட்கூலி, பெற, பெரும்பாலும் 18 கிலோவை ஒட்டிய கொழுந்தைப் பறிக்க வேண்டும். பசளை இல்லாத மலையில் கொழுந்து இறங்காது. பறித்தது குறைந்தால் அரைப் பேர்தான். களைநாசினி இல்லாத மலையிலோ புல் இடுப்பளவு உயர்ந்து, அட்டையும் பாம்பும் குளவியும் அதற்குள் குடியேறுகின்றன. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் ஜனவசம, அரச பெருந்தோட்ட யாக்கம், எல்கடுவை ஆகிய அரசு சார்ந்த நிறுவனங்களின் கீழ் உள்ள தோட்டங்களில் கவனிப்பின்றிக் காடேறிய மலைகள் பல, தடை வருவதற்கு முன்பே பசளையை மறந்தவை. அவற்றில் இரசாயனம் இல்லை என்பதற்காக எவரும் அவற்றைச் சேதனத் தோட்டம் என்று கொண்டாடவில்லை. அங்கே சேதனம் என்பது வறுமையின் மறுபக்கமாகவே தெரிகிறது. அதே தொழிலாளி, லயத்துக்குப் பின்னாலுள்ள சிறு துண்டில் மாட்டெருவும் சருகும் போட்டு மரக்கறி செய்து, வீட்டுக்கு எடுத்ததுபோக எஞ்சியதைக் கடைத்தெருவில் விற்கிறார். பசளை வாங்கக் கையில் காசு இருந்தால் யூரியாவும் போடுவார்.

ஒப்பீட்டுக்கு இந்தியாவின் சிக்கிம் மாநிலம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 2003இல் சட்டமன்றத் தீர்மானத்தோடு தொடங்கிய அந்த மாற்றம், பசளை மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2016 ஜனவரியில் முழுச் சேதன மாநிலமாக அறிவிக்கப்பட்டதோடு ஒரு கட்டத்தை எட்டியது. முன்பிருந்தே இரசாயனப் பசளையின் பயன்பாடு மிகக் குறைவாக இருந்த மலை மாநிலத்துக்கே அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. தமிழ்நாட்டில் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து வளர்த்த இயற்கை விவசாய இயக்கமும் சட்டத்தால் வளர்ந்ததன்று. இவை கண்டிக்கு அப்படியே பொருந்தும் என்பதற்கில்லை. மினிப்பேயின் நீர்ப்பாசன வயலும் ஹேவாஹெட்டையின் மரக்கறிச் சரிவும் வீட்டுத்தோட்டமும் ஒரே மாவட்டத்தில் இருக்கையில், மாவட்டம் முழுவதற்குமான ஒரே கொள்கை என்பதே ஐயத்துக்குரியது. நடுவழியாக, இரசாயனப் பசளையின் ஒரு பகுதியைக் கூட்டெருவாலும் கிளிரிசிடியாத் தழையாலும் ஈடுசெய்யும் ஒருங்கிணைந்த முறை கண்டியின் சரிவுகளுக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. வேலியோரம் வெட்ட வெட்டத் தழைக்கும் கிளிரிசிடியா 2005இல் தேயிலை, இறப்பர், தென்னையை அடுத்து நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டது, அதைத் தலையில் சுமந்து மலையேற்ற வேண்டியதும் இல்லை.

இன்றைய ஏற்பாட்டில் அரசாங்கம் பசளையைக் கொடுப்பதை விட்டுப் பணத்தைக் கொடுக்கிறது: நெல்லுக்கு ஹெக்டெயருக்கு 15,000 ரூபாவாக இருந்த மானியம் 2024 இறுதியில் 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. யூரியாவோ கூட்டெருவோ எதை வாங்குவது என்று விவசாயியே தீர்மானிக்க முடிவதால், முந்தியவற்றைவிட இது நாகரிகமான முறை. ஆனால் வயலின் பரப்பை வைத்துக் கணக்கிடும் இந்த முறை, கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் தம் பெயரில் வயல் காட்ட முடிந்தவர்களையே முதலில் சென்றடைகிறது. தட்டுமாறு வயலில் இவ்வாண்டு முறைக்காரர் யார் என்பதை ஒவ்வொரு போகத்திலும் உறவினர்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மிளகும் கராம்பும் நிற்கும் மேட்டுத் தோட்டம் இந்தக் கணக்கில் வருவதில்லை. லயத்துக்குப் பின்னால் மரக்கறி செய்பவருக்கோ, அந்தத் துண்டு தோட்ட நிர்வாகத்துக்கு உரியது என்பதால், பதிவேட்டில் எழுதிக்கொள்ள ஒரு காணி இலக்கமே கிடையாது.